வயதும் மாத்திரையும்: எச்.ஐ.வி. சிகிச்சையிலிருந்து யார் விட்டுப்போகிறார்கள், ஏன்?

வைகைக் கரை (இழையைத் தொடங்கியவர்), திங்கள் இரவு 9.40

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் பதினோரு ஆண்டுகளாக எச்.ஐ.வி. ஆலோசகராக வேலை பார்த்து வருகிறேன். எந்த மையம் என்பதை இங்கே எழுதவில்லை. எழுதினால் அங்கே வருகிறவர்களுக்கு அது தொந்தரவாக முடியலாம். சில மாதங்களாக மனத்தில் கிடக்கும் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன்.

மாத்திரை வாங்க வேண்டிய தேதி கடந்தும் வராதவர்களின் பட்டியலை மாதக் கடைசியில் எடுத்து, ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைப்பது என் வேலைகளில் ஒன்று. அந்தப் பட்டியலில் பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் இருப்பவர்களே திரும்பத் திரும்ப வருகிறார்கள். சிலருடைய எண் மாறியிருக்கும். சிலர் எடுத்து, தவறான எண் என்று சொல்லி வைத்துவிடுவார்கள். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரலாக இருக்கும். ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்களோ தேதி தவறுவதே அரிது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளை ஒட்டித் தேதி விழுந்தால், கூட்டத்தில் பஸ் கிடைக்காது என்று இரண்டு நாள் முன்பே வந்து, தங்கள் சிகிச்சைப் பதிவான பச்சைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

ஆனால் 'இறந்துவிட்டார்' என்று எழுதி நான் மூடி வைத்த வெள்ளை அட்டைகளை, அதாவது மையத்தில் வைத்திருக்கும் சிகிச்சைப் பதிவுகளை, நினைத்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை அந்தப் பெரியவர்களுடையவை. ஒழுங்காக வந்தவர்கள் கண்ணெதிரே போய்விடுகிறார்கள். வராதவர்கள் எங்கோ உயிரோடு இருக்கிறார்கள். இதில் வயது செய்வது என்ன, வயதின் பெயரில் வேறு ஏதோ செய்வது என்ன என்பதைப் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன். மருந்து சாப்பிடுகிறவர்கள், வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்கள், மருத்துவம் அறிந்தவர்கள் எல்லோரும் எழுத வேண்டுகிறேன்.

மேலூர் மாமன், திங்கள் இரவு 10.25

அம்மா, தாங்கள் கேட்பதற்கு என்னிடம் உள்ள பதில் ஒரே சொல்தான்: பொறுப்பு. எனக்கு நாற்பத்திரண்டு வயதில் ரத்த அழுத்தம் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை காலையில் பல் துலக்கியதும் மாத்திரை போடாமல் நான் வாசல் தாண்டியதில்லை. இரவு இரண்டு மணிவரை கைபேசியைப் பார்த்துக்கொண்டு விழித்திருக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு ஒரு மாத்திரையை விழுங்க மட்டும் நினைவிருக்காது என்றால் அதை எப்படி ஏற்றுக்கொள்வது? அரசாங்கம் காசு வாங்காமல் கொடுக்கிறது, நீங்கள் போன் போட்டுக் கூப்பிடுகிறீர்கள், இதற்கு மேல் யார் என்ன செய்ய முடியும்? என் வீட்டிலும் ஒரு பிள்ளை இருக்கிறது. பட்டுத்தான் சொல்கிறேன்.

ஓய்வு மருத்துவர், செவ்வாய் காலை 6.15

மாமன் ஐயாவின் வருத்தம் புரிகிறது. ஆனாலும் பொறுப்பு என்ற ஒரு சொல்லில் இதை அடக்கிவிட்டால் நாம் செய்ய வேண்டியவை கண்ணில் படாமல் போய்விடும் என்று அஞ்சுகிறேன்.

ஆலோசகர் அம்மா கண்டது மதுரைக்கு மட்டும் உரியதன்று. பல நாடுகளில் வெளிவந்த ஆய்வுகள் ஏறக்குறைய இதையே சொல்கின்றன: பதின்ம வயதினரும் இளைஞரும் சிகிச்சையில் தொடர்வது குறைவு, வைரஸ் கட்டுக்குள் இருப்பதும் குறைவு, ஐம்பதைக் கடந்தவர்கள் இரண்டிலும் மேல். குழந்தைகளுக்கு மருந்து போய்ச் சேருவதே பின்தங்கித்தான் இருக்கிறது. 2022-இல் உலக அளவில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 77 சதவீதத்தினர் சிகிச்சை பெற்றார்கள், அதற்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளில் 57 சதவீதத்தினரே பெற்றார்கள் என்று ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பு கணக்கிட்டது.

பெரியவர்கள் ஏன் தேதி தவறுவதில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த விளக்கம் அவர்கள் பார்த்த சாவுகள்தாம். இந்தியாவில் 2004 ஏப்ரல் 1 அன்று எச்.ஐ.வி.யை அடக்கும் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியபோது எட்டு அரசு மருத்துவமனைகளில் மட்டுமே அது கிடைத்தது. தமிழ்நாட்டில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை அவற்றுள் ஒன்று. மதுரைப் பக்கத்திலிருந்து இரவு ரயிலேறி அங்கே போனவர்களை நான் அறிவேன். நோய் எதிர்ப்புக்கு வேண்டிய சிடி4 என்ற வெள்ளை அணுக்கள் 200-க்குக் கீழே இறங்கிய பிறகே அன்று மருந்து கொடுக்கப்பட்டது; ஆகவே மருந்துக்காக வரிசையில் நின்றவர்களுக்கு முன்னும் பின்னும் நின்றவர்கள் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். அந்தக் கால ஸ்டாவுடின் மாத்திரை பாதங்களில் எரிச்சலைத் தந்தது, கன்னத்துச் சதையை வற்ற வைத்தது. அப்படியும் அவர்கள் அதைச் சாப்பிட்டார்கள், ஏனென்றால் சாப்பிடாதவர்கள் என்ன ஆனார்கள் என்பதை அவர்கள் பார்த்திருந்தார்கள். 2017 முதல் சிடி4 எவ்வளவு இருந்தாலும் உடனே மருந்து தொடங்குகிறோம். அது சரியான கொள்கை. ஆனால் இருபது வயதில், ஒரு நாள்கூடக் காய்ச்சலில் படுக்காத உடம்போடு வருகிறவனுக்கு அந்த மாத்திரை நோயைக் குணமாக்குவதாகத் தோன்றாது. நோய் இருப்பதை நாள்தோறும் நினைவூட்டுவதாகத்தான் தோன்றும்.

பெரியவர்கள் இறப்பதற்குக் காரணம் வேறு. ஐம்பத்தெட்டு வயதில் எடை குறைந்து, விடாத காய்ச்சலோடு வருகிறவரிடம் சர்க்கரையைத் தேடுவோம், காசநோயைத் தேடுவோம், புற்றுநோயைத் தேடுவோம், எச்.ஐ.வி. பரிசோதனை கடைசியில்தான் நினைவுக்கு வரும். பேரன் பேத்தி எடுத்தவரிடம் கேட்கக் கூடாத கேள்வி என்று மருத்துவரே கூசுகிறார். அதற்குள் சிடி4 பாதாளத்துக்குப் போயிருக்கும். வயதானவர்களிடம் வைரஸ் நன்றாக அடங்கினாலும் சிடி4 மெதுவாகத்தான் ஏறும். புதிய டி அணுக்களைப் பக்குவப்படுத்தும் தைமஸ் சுரப்பி வயது ஏற ஏறச் சுருங்கிவிடுவது அதற்கு ஒரு காரணம். ஆகவே சிகிச்சை வெற்றி என்று நாம் சொல்லும்போது, மையத்துக்கு வந்துகொண்டிருப்பதையா, வைரஸ் அடங்குவதையா, எதிர்ப்புச் சக்தி மீள்வதையா, எதைச் சொல்கிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்றும் வயதோடு ஒரே திசையில் போவதில்லை.

கணக்கு நோட்டு, செவ்வாய் மதியம் 1.05

மக்கள்தொகைப் புள்ளியியலில் ஆய்வு மாணவன். மருத்துவர் ஐயா எழுதியதோடு இரண்டு எச்சரிக்கைகளைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் இந்தக் கணக்கில் தவறு செய்வது மிக எளிது.

பதினைந்து, இருபது ஆண்டுகளாக மருந்து சாப்பிட்டு வரும் ஐம்பத்தைந்து வயதுக்காரர், தம்மோடு தொடங்கி இடையில் விட்டவர்களும் இறந்தவர்களும் கழிந்த பிறகு எஞ்சியவர். அவரைப் போன வருடம் தொடங்கிய இருபது வயதுப் பையனோடு ஒப்பிடுவது, மராத்தான் ஓட்டத்தில் நாற்பதாவது கிலோமீட்டரில் ஓடுகிறவரைத் தொடக்கக் கோட்டில் நிற்கிறவரோடு ஒப்பிடுவது போன்றது. விட்டுப்போவது முதல் ஆண்டில்தான், அதிலும் முதல் ஆறு மாதங்களில்தான் அதிகம். ஒரே ஆண்டில் தொடங்கிய இளைஞரையும் பெரியவரையும் வைத்துப் பார்த்தால்தான் வயதின் பங்கு தெரியும். அப்படிப் பார்த்தாலும் வித்தியாசம் முழுதாக மறைவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்று, வைரஸ் அளவுச் சதவீதம். எடுத்துக்காட்டுக்காகச் சொல்கிறேன்: நூறு இளைஞர்கள் தொடங்கி, அறுபது பேர் தொடர்ந்து, அவர்களில் ஐம்பது பேருக்குப் பரிசோதனை நடந்து, நாற்பத்தைந்து பேருக்கு வைரஸ் அடங்கியிருந்தால், பரிசோதித்தவர்களில் 90 சதவீதம் வெற்றி என்று அறிக்கை வரும். தொடங்கிய நூறு பேரை வைத்துப் பார்த்தால் அது 45 சதவீதம். வராதவர்களுடைய ரத்தம் ஆய்வுக்கூடத்துக்கே போவதில்லை. திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ வேலைக்குப் போய், மாற்றல் கடிதம் வாங்காமல் அங்கே வேறொரு பெயரில் புதிதாகப் பதிந்துகொண்டவர், இங்கே விட்டுப்போனவராகவே எழுதப்படுகிறார் என்ற எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. அம்மா தேடும் குரல்களில் சில அப்படிப்பட்டவையாக இருக்கலாம். அப்படியே இருக்கட்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஒன்பது மணி, செவ்வாய் இரவு 11.50

எனக்கு இருபத்தைந்து வயது. பிறந்ததிலிருந்தே எச்.ஐ.வி.யோடு இருக்கிறேன். மாமன் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் பதில் எழுதாமல் இருந்தேன். நான் ஏழு மாதம் மருந்தை விட்டவன். அது எப்படி நடந்தது என்பதைச் சொன்னால் உதவும் என்று நினைக்கிறேன்.

பதினேழு வயதுவரை என் மருந்துக்குப் பொறுப்பு பாட்டிதான். மையத்துக்குப் பாட்டியோடு போவேன். பாட்டி வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வாள். இரவு ஒன்பது மணிச் செய்தி தொடங்கும்போது தண்ணீர்ச் செம்போடு வருவாள். நான் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டேன் என்று எல்லோரும் பாராட்டினார்கள். உண்மையில் ஒழுங்காக இருந்தது பாட்டி.

பதினெட்டு ஆனதும் பெரியவர்கள் வரிசைக்கு மாற்றினார்கள். எந்த மருத்துவமனை என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் அங்கே ஒருவர், பத்துப் பேர் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு முன்னால் வைத்து, எப்படி வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று கேட்டார். பிறவியிலேயே என்று சொல்வதற்குள் என் காது இரண்டும் சூடாகிவிட்டன. அதே மாதம் கல்லூரி விடுதியில் சேர்ந்தேன். ஓர் அறையில் நான்கு பேர். முப்பது மாத்திரை கொண்ட டப்பாவைப் பெட்டியிலிருந்து எடுத்தால் குலுங்கும். அந்தச் சத்தத்தை அடக்கப் பஞ்சு திணித்து வைப்பேன். அப்போது கொடுத்த மாத்திரையில் எஃபாவிரென்ஸ் இருந்தது. சாப்பிட்டுப் படுத்தால் தலை சுற்றும், மோசமான கனவுகள் வரும், காலையில் எட்டரை மணி வகுப்பில் எழுத்துகள் மிதக்கும். தேர்வு வாரத்தில் மட்டும் விடலாம் என்று விட்டேன். ஒன்றும் ஆகவில்லை. பிறகு அந்த மாதம் முழுதும் விட்டேன். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. இடையில் பாட்டி இறந்துவிட்டாள். அதன் பிறகு ஒன்பது மணி வந்தாலும் வராவிட்டாலும் கேட்க ஆள் இல்லை.

ஏழாவது மாதம் கழுத்தில் கட்டி வந்தது, காசநோய் என்றார்கள். வெட்கத்தில் அப்போதும் மையத்துக்குப் போகவில்லை. அங்கிருந்த ஓர் ஆலோசகர், சனிக்கிழமை மதியம் தாம் இருப்பதாகவும், வரிசையில் நிற்க வேண்டாம், நேரே அறைக்கு வரலாம் என்றும் குறுஞ்செய்தி அனுப்பினார். ஏன் வரவில்லை என்ற கேள்வி அதில் இல்லை. போனேன். இப்போது டோலுடெக்ராவிர் கலந்த மாத்திரை. காசநோய்க்கு மருந்து சாப்பிட்ட மாதங்களில் டோலுடெக்ராவிரை மட்டும் இரண்டு வேளையாகக் கொடுத்தார்கள். தலைசுற்றலும் கனவும் போய்விட்டன. நான்கு ஆண்டுகளாக வைரஸ் அளவு ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 50-க்குக் கீழே இருக்கிறது.

ஐயா, பொறுப்பு என்னிடம் குறைவாக இருந்தது உண்மைதான். ஆனால் பதினெட்டாம் பிறந்த நாளன்று அது என் கைக்கு மொத்தமாக வந்தது. அதற்கு முந்தின நாள்வரை அதை எனக்குப் பழக்கியவர் யாருமில்லை.

மேலூர் மாமன், புதன் இரவு 9.15

தம்பி, உன் பதிவை மூன்று முறை படித்தேன். அன்று சொல்லாமல் விட்டதை இன்று சொல்லிவிடுகிறேன்.

என் தங்கையும் அவள் கணவரும் இறந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும் என்னிடம் வளர்கிறார்கள். மூத்தவளுக்குப் பதினான்கு வயது, அவளுக்கு இருக்கிறது. இளையவனுக்குப் பத்து வயது, அவனுக்கு இல்லை. அவள் பிறந்தபோது யாருக்கும் தெரியாது. அவன் வயிற்றில் இருந்தபோது தெரிந்து, தங்கைக்கு மருந்து கொடுத்துக் காப்பாற்றிவிட்டார்கள்.

அவளிடம் அது ரத்தம் ஊறுவதற்கான மாத்திரை என்று சொல்லியிருக்கிறேன். ஆறு வயதில் நம்பினாள். போன மாதம் கோழிக்கூண்டைக் கழுவும்போது பின்பக்கச் சந்தில் இருபதுக்கும் மேற்பட்ட மாத்திரைகள் கிடந்தன. வைரஸ் அளவு ஆயிரத்தைத் தாண்டிவிட்டது என்று சொல்லி, மாதம் ஒரு முறை ஆலோசனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். இரவில் ஒன்றைக் கொடுத்து, விழுங்கிய பின் வாயைத் திறந்து காட்டச் சொல்கிறேன். அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசி இருபது நாள் ஆகிறது. நான் செய்தது தவறா என்று கேட்கத்தான் இந்த இழைக்குள் வந்தேன். கேட்கத் தெரியாமல் கோபமாக எழுதிவிட்டேன்.

வைகைக் கரை, புதன் இரவு 10.30

ஐயா, எட்டு ஆண்டுகளாக ஒரு தேதி தவறாமல் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ரத்தம் ஊற மாத்திரை என்றால் எப்போது நிறுத்துவது என்ற கேள்வி ஒரு பிள்ளைக்கு வராமல் இருக்காது. தோழிகள் பள்ளியில் இரும்புச்சத்து மாத்திரையை வாரம் ஒன்று சாப்பிடும்போது தான் மட்டும் ஏன் ஆண்டுக்கணக்கில் தினமும் சாப்பிட வேண்டும் என்பதற்கு அவளிடம் விடை இல்லை. நாம் சொன்ன காரணம் அவளுக்குப் போதவில்லை, அதனால் தூக்கி எறிந்தாள். அதை நான் பிடிவாதமாகப் பார்க்கவில்லை.

பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு, அவர்களுக்குப் புரியும் அளவில் கொஞ்சம் கொஞ்சமாக நோயைப் பற்றிச் சொல்லத் தொடங்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஆறு வயதிலிருந்து பன்னிரண்டுக்குள் அது முடிய வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் அது நடப்பதில்லை, ஏனென்றால் நோயைச் சொன்னால் அம்மா எப்படி இறந்தாள் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் இடுப்பில் இருக்கும் சாவி அந்தக் கேள்விக்குப் போட்ட பூட்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எச்.ஐ.வி. தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-இல் வந்தது. எச்.ஐ.வி.யால் பெற்றோரோ காப்பாளரோ பிள்ளைகளைக் கவனிக்க முடியாமல் போன குடும்பங்களில், பன்னிரண்டு வயது நிறைந்த, போதிய பக்குவமுள்ள மூத்த பிள்ளை தன் தம்பி தங்கைக்குக் காப்பாளராக இருந்து, பள்ளிச் சேர்க்கை, சிகிச்சை, வங்கிக் கணக்கு போன்றவற்றைக் கவனிக்கலாம் என்று அதில் ஒரு பிரிவு இருக்கிறது. உங்கள் வீட்டில் நீங்கள் இருப்பதால் அதற்குத் தேவை இல்லை. ஆனால் தம்பியின் மருத்துவத்துக்கு முடிவெடுக்கத் தக்கவள் என்று சட்டம் ஏற்கும் வயதில், தன் உடம்பில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவள் தகுதியற்றவள் என்று நாம் எப்படிச் சொல்வது?

வீட்டில் கோபமான இரவொன்றில் சொல்லிவிட வேண்டாம். மாதாந்திர ஆலோசனைக்குப் போகும் இடத்தில் முன்கூட்டியே பேசி, நேரம் கேட்டு, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது சொல்லச் சொல்லுங்கள். இந்த மாத்திரை எதற்கென்று நினைக்கிறாய் என்று அவளிடம் முதலில் கேட்க வேண்டும். அவள் சொல்லும் பதிலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கருமாத்தூர் அம்மா, வியாழன் காலை 10.20

என் பேத்தி தட்டச்சு செய்து தருகிறாள். அவளுக்கு என்னைப் பற்றி எல்லாம் தெரியும். எனக்கு அறுபத்தொரு வயது. லாரி ஓட்டிய கணவர் 2006-இல் போனார். மறு ஆண்டு எனக்கு மருந்து தொடங்கினார்கள். அன்றிலிருந்து ஒரு வேளை விட்டதில்லை. பக்கத்து ஊரிலேயே மாத்திரை வாங்கலாம் என்று பிறகு சொன்னபோதும், அங்கே கம்பவுண்டர் எங்கள் சொந்தக்காரர் என்பதால் மதுரைக்கே போய்க்கொண்டிருந்தேன். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் காசில்லை என்று 2021-இல் ஆனபின் செலவும் இல்லை. இப்போது முழங்கால் விடவில்லை. அதனால் சொந்தக்காரர் பார்த்தால் பார்க்கட்டும் என்று பக்கத்து ஊருக்கு மாறிவிட்டேன்.

என்னைப் போன்றவர்கள் ஒழுங்கு என்று ஆலோசகர் எழுதியிருக்கிறார். தேதி தவறாததால் எங்களிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை என்பதையும் எழுத வேண்டும். நல்லா இருக்கீங்களா அம்மா என்பார்கள், இருக்கேன் என்பேன், அவ்வளவுதான். போன பரிசோதனையில், எப்போதும் 50-க்குக் கீழே இருக்கும் வைரஸ் அளவு 400-ஐத் தாண்டியிருந்தது. மாத்திரை விட்டீர்களா என்று கேட்டார்கள். விடவில்லை என்றேன். அவர்கள் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அப்படி ஒரு பார்வை பட்டது நெஞ்சை அறுத்துவிட்டது.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து மெட்ஃபார்மின் தருகிறார்கள். முழங்காலுக்கு வேறொரு மருத்துவர் சுண்ணாம்புச்சத்து மாத்திரை எழுதினார். நெஞ்செரிச்சலுக்குப் படுக்கும்முன் மருந்துக்கடையில் வாங்கிய திரவ மருந்தைக் குடிக்கிறேன். மூன்று பேரிடமும் கூட்டு மருந்து பற்றி நான் சொன்னதில்லை. எல்லாவற்றையும் இரவு பத்து மணிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவேன். இதில் ஏதாவது இருக்குமா என்று பேத்தி கேட்கிறாள்.

ஓய்வு மருத்துவர், வியாழன் மதியம் 12.40

அம்மா, உங்கள் பேத்தி கேட்டது மிகச் சரியான கேள்வி. மாத்திரை விட்டீர்களா என்பதற்கு அடுத்து உங்களிடம் கேட்டிருக்க வேண்டியதும் அதுதான்.

நெஞ்செரிச்சல் மருந்தில் உள்ள மக்னீசியமும் அலுமினியமும் கூட்டு மருந்தில் உள்ள டோலுடெக்ராவிரைக் குடலில் பிடித்துக்கொள்கின்றன. மருந்து ரத்தத்தில் சேர்வது வெகுவாகக் குறைந்துவிடும். அந்தத் திரவத்தைக் குடிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்போ, குடித்து ஆறு மணி நேரம் கழித்தோதான் கூட்டு மருந்தைச் சாப்பிட வேண்டும். சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதே இடைவெளிதான்; ஆனால் அவற்றை வயிறு நிறையச் சாப்பிடும்போது கூட்டு மருந்தோடு சேர்த்தே விழுங்கலாம். வெறும் வயிற்றில் சேர்ந்து போவதுதான் கெடுதல். டோலுடெக்ராவிர் உடம்பில் மெட்ஃபார்மினின் அளவை ஏற்றிவிடும் என்பதால் நாளொன்றுக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் அதைக் கொடுக்கக் கூடாது. நீங்கள் எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்பதை அட்டையைப் பார்த்துச் சொல்லுங்கள். கூட்டு மருந்தில் டெனோஃபோவிர் என்ற மருந்தும் இருப்பதால் சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பரிசோதனையும் தவறக் கூடாது. எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். நான்கு மருந்துகளின் அட்டைகளையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு, கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்து மருத்துவரின் மேசையில் கொட்டிக் காட்டுங்கள். உங்களுக்கு 400-ஐத் தாண்டியது இதனால்தான் என்று நான் இங்கிருந்து முடிவு கட்ட முடியாது. ஆனால் ஒரு வேளையும் விடாதவரிடம் முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் மற்றவர்களைவிட அதிகம் வருகின்றன. நாற்பதிலிருந்து எழுபத்தைந்து வயதுவரை உள்ள 7,769 பேரிடம் நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வொன்றில், பிடாவஸ்டாடின் என்ற கொழுப்பு மாத்திரை சாப்பிட்டவர்களிடம் இவ்வகைப் பெரும் இதயப் பாதிப்புகள் 35 சதவீதம் குறைந்தன. ஆலோசகர் அம்மா மூடி வைத்த வெள்ளை அட்டைகளில் எத்தனையை எச்.ஐ.வி. கொன்றது, எத்தனையை நெஞ்சுவலியும் சர்க்கரையும் கொன்றன என்று பார்க்க வேண்டும். வைரஸை அடக்கிவிட்டோம் என்று மேசையை மூடிவிடுகிறோம். அந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அறுபது வயது என்பதை மறந்துவிடுகிறோம்.

ஒன்பது மணி, வியாழன் இரவு 11.30

அம்மா தூரத்திலிருந்து பக்கத்துக்கு மாறியதாக எழுதியிருக்கிறார். எங்கள் வயதில் அது நேர்மாறாக நடக்கிறது. வீட்டருகே உள்ள தாலுகா மருத்துவமனையில் மாத்திரை கிடைக்கும் என்றால் அங்கே போகாமல் இருக்கத்தான் பார்ப்போம், ஏனென்றால் அங்கே கூடப் படித்தவன் மருந்தாளுநராக இருப்பான். வேலையிலும் சிக்கல் இருக்கிறது. எனக்கு இரவுப் பணி. மையம் திறந்திருக்கும் நேரம் நான் தூங்கும் நேரம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் மாதம் ஒரு நாள் காரணம் சொல்லாமல் விடுப்புக் கேட்டால் மூன்றாவது மாதமே மேலாளர் கூப்பிட்டு விசாரிப்பார். மூன்று மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் என் வேலை நிலைத்தது.

கேட்கத் தயங்கிய ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். வீட்டில் எனக்குப் பெண் பார்க்கிறார்கள். சித்தப்பாவுக்குத் தெரியாது. இந்த வயதில் பலர் மருந்தை விடுவது இந்தக் கட்டத்தில்தான் என்பது என் நண்பர்களைப் பார்த்து நான் அறிந்தது. நிச்சயம் முடிந்ததும் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

ஓய்வு மருத்துவர், வெள்ளி காலை 6.00

தம்பி, டப்பாவைத் தூக்கிப் போடுகிற அந்த நாளில்தான் வரப்போகும் மனைவிக்கு ஆபத்து தொடங்குகிறது. ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. உள்ள 1,763 இணைகளிடம், நம் நாட்டில் சென்னையிலும் புனேயிலுமாக, மொத்தம் ஒன்பது நாடுகளில் நடந்த ஆய்வு, உடனே மருந்து தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-இல் காட்டியது. வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலையிலேயே தொடர்ந்து இருக்கும் ஒருவரிடமிருந்து உடலுறவு வழியே தொற்றாது என்பது அதன் பிறகு வந்த ஆய்வுகளால் உறுதியாகிவிட்டது. குழந்தைக்கும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெண்ணிடம் சொல்லாமல் தாலி கட்டாதீர்கள். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஒளித்து வைக்க வேண்டிய மாத்திரையை ஒருவரால் நாற்பது ஆண்டுகள் சாப்பிட முடியாது. ஆலோசகரை வைத்துக்கொண்டு அவளோடு பேசலாம். ஊர், பெயர் எதுவும் சொல்லாமல் கேட்க வேண்டுமென்றால் 1097 என்ற இலவச எண் இருக்கிறது.

மேலூர் மாமன், மூன்று வாரம் கழித்து, சனி மாலை 7.10

இங்கே எழுதியவர்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆலோசகர் அம்மா சொன்னபடி முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொண்டு போனோம். மாத்திரை எதற்கென்று நினைக்கிறாய் என்று அங்கிருந்தவர் கேட்டதும், என் மருமகள் வெகுநேரம் கையைப் பிசைந்துகொண்டிருந்துவிட்டு, எனக்கு ரத்தப் புற்றுநோய், மாமா மறைக்கிறார் என்றாள். இரண்டு ஆண்டுகளாக அப்படி நினைத்துக்கொண்டு, எப்படியும் சாகப் போகிறோம் என்றுதான் மாத்திரையை வீசியிருக்கிறாள். நான் அந்த அறையிலேயே அழுதுவிட்டேன். பிறகு அவர்கள் எல்லாவற்றையும் சொன்னார்கள். அவள் முதலில் கேட்டது தம்பிக்கு இருக்கிறதா என்பதுதான். இல்லை என்றதும் மூச்சு விட்டாள். அம்மாவுக்கு வலித்ததா என்று கேட்டாள். அதற்கு நான்தான் பதில் சொன்னேன்.

டப்பாவை அவளிடம் கொடுத்துவிட்டேன். புத்தக அலமாரியில் மேல்தட்டில் வைத்திருக்கிறாள். நாள்காட்டியில் சாப்பிட்ட நாளைப் பேனாவால் வட்டமிடுகிறாள். பதினேழு நாளில் ஒரு நாள் வட்டமில்லை. கேட்டேன், தூங்கிவிட்டேன் என்றாள், மறைக்கவில்லை. ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது அம்மா. அடுத்த முறை வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டு மருந்தைத் தானே வாங்க வேண்டும், நான் வெளியே வேப்பமரத்தடியில் நிற்க வேண்டும் என்கிறாள். விடுவார்களா?

வைகைக் கரை, சனி இரவு 8.45

காப்பாளர் கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும், ஐயா. அதைப் போட்டுவிட்டு நீங்கள் வேப்பமரத்தடிக்குப் போய்விடலாம். மருந்தாளுநரிடம் அவளே பச்சைப் புத்தகத்தை நீட்டட்டும், அவளே எண்ணி வாங்கட்டும். பதினெட்டு வயதுவரை ஒவ்வொரு முறையும் ஒரு வேலையை அவள் கைக்கு மாற்றிக்கொண்டே வாருங்கள்: தேதியை நினைவு வைப்பது, மருத்துவரிடம் தனியே ஐந்து நிமிடம் பேசுவது, வைரஸ் அளவைத் தானே கேட்டு எழுதிக்கொள்வது. அடுத்த பரிசோதனை மூன்றாம் மாதம்தானே? ரத்தம் கொடுக்கும் நாளில் அவளைக் காலையில் சாப்பிட்டுவிட்டே வரச் சொல்லுங்கள். இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை.